தேயிலை தினத்தில் எதைச் சமைப்பது: முட்டையா, பஜ்ஜியா, வட்டிலப்பமா, கேக்கா?

தலவாக்கலையில் லயக் காம்பராவொன்றில் ஒற்றைக் கேஸ் அடுப்பை வைத்துக் குடும்பம் நடத்தும் ஒரு தாயும், பதுளை நகரத்தில் சொந்த வீட்டில் இருக்கும் ஓர் ஆசிரியையும் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். உலகத் தேயிலை தினத்தன்று தேயிலையைக் குடிப்பதோடு நிறுத்தாமல், அதைச் சேர்த்துப் பிள்ளைகளுடன் வீட்டில் எதையாவது சமைத்துப் பார்க்க வேண்டும். எதைச் செய்தால் பொருள் வீணாகாது என்பதே இருவரின் தயக்கமும். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. அடுப்பு வேறு, ஊரின் உயரம் வேறு, சாப்பிடப் போகிறவர்களும் வேறு. ஆகவே நான் வீட்டில் செய்து பார்த்த நான்கு பதார்த்தங்களையும் ஒன்றோடொன்று வைத்து இங்கே எழுதுகிறேன்.

தினத்தைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் நாட்காட்டியில் அது இரண்டு இடத்தில் வருகிறது. தேயிலைத் தொழிலாளர், சிறு உற்பத்தியாளர் ஆகியோரின் நிலையைப் பேசுவதற்காக 2005ஆம் ஆண்டு முதல் டிசெம்பர் 15 கடைப்பிடிக்கப்பட்டு வந்தது. பின்னர் 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை மே 21ஐ அறிவித்தது. சமையலைப் பொறுத்தவரை இந்த இரண்டு நாட்களும் ஒன்றல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் துவர்ப்பு. தேயிலையில் உள்ள தனின் வகைப் பொருட்கள் புரதத்தைக் கண்டால் அதனோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. பாலை ஊற்றியவுடன் தேநீரின் கடுமை தணிவதும், பிளேன்டீயைக் குடித்தவுடன் நாக்கு வறண்டு இழுபடுவதும் இந்த ஒரே இயல்பால்தான். முன்னதில் தனினைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்கிறது, பின்னதில் நம் உமிழ்நீரின் புரதம் பிடித்துக்கொள்கிறது. எனவே தேயிலையைச் சேர்த்துச் சமைக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள முட்டையோ பாலோ பருப்பு மாவோ உணவில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலையை உண்பவரின் நாக்கு செய்ய நேரிடும். இதை நான் சோற்றில் கற்றுக்கொண்டேன். ஜப்பானியர் சோற்றின் மேல் பச்சைத் தேநீரை ஊற்றி உண்பதைக் கேள்விப்பட்டு, நம் கறுப்புத் தேயிலைச் சாயத்தில் அரிசியை வேக வைத்தேன். ஒரு வாய்க்கு மேல் யாரும் உண்ணவில்லை. அதனால் தேநீர்ச் சோற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது அளவுகோல் அடுப்பும் உயரமும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீற்றர் ஏறும்போதும் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குறைகிறது. கண்டியில் 98 பாகைக்கு அருகில் கொதிக்கும் தண்ணீர், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் 96 பாகையிலும், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதித்துவிடும். கொழும்பில் இருப்பவர்கள் எழுதிய சமையல் குறிப்பை நிமிடக் கணக்கு மாறாமல் நாம் பின்பற்றினால் வேகாமல் போவதற்கு இதுவே காரணம். கைப்பக்குவத்தில் குறை இல்லை.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் தூள் எந்த ரகம் என்பது. நம்மில் பலர் வீட்டில் இருப்பது டஸ்ட் எனும் மிகப் பொடியான தூள். சிலரிடம் உடைந்த இலைத் துணுக்குகளான பீஓபீ இருக்கும். முழு இலையாகச் சுருண்ட ஓபீ அரிதாகத்தான் கிடைக்கும். டஸ்ட் இரண்டு மூன்று நிமிடங்களில் தன் சாயம் முழுவதையும் விட்டுவிடும், அதற்கு மேல் வைத்தால் துவர்ப்பைத்தான் தரும். பெரிய இலை மெதுவாகவே விடும். நாலாவதாக, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்ணப் போகிறார்களா என்று பார்க்க வேண்டும். உலர்ந்த தேயிலையின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 4 பங்கு காபீன் உண்டு, அது சமைப்பதால் காணாமல் போகாது. அதோடு, கறுப்புத் தேயிலை கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரத்தச் சோகைக்காக இரும்பு மாத்திரை எடுக்கும் பெண்கள், இந்தப் பதார்த்தங்கள் எதையும் மாத்திரையோடும் பிரதான சாப்பாட்டோடும் சேர்க்காமல், ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளி உண்பதே நல்லது.

| பதார்த்தம் | அடுப்பில் நேரம் | இல்லாமல் முடியாதது | பொருந்தும் தேயிலை |
|---|---|---|---|
| தேநீர் முட்டை | 50 முதல் 75 நிமிடம் | பொறுமை. ஊற வைக்கக் குளிர்சாதனப் பெட்டி | ஓபீ அல்லது பீஓபீ |
| கொழுந்து பஜ்ஜி | 20 நிமிடம் | மருந்தடிக்காத செடி | பச்சைக் கொழுந்து |
| தேநீர் வட்டிலப்பம் | 40 முதல் 50 நிமிடம் | நல்ல கித்துள் கருப்பட்டி | பீஓபீ அல்லது டஸ்ட் |
| தேநீர் கேக் | 45 நிமிடம் | போறணை | டஸ்ட் |

தேநீர் முட்டை

இது சீனர்களின் தெருவோரப் பண்டம். அவித்த முட்டையின் ஓட்டை உரிக்காமல் கரண்டியின் முதுகால் சுற்றிலும் மெதுவாகத் தட்டி விரிசல் விட்டு, மசாலை கலந்த தேயிலைச் சாயத்தில் மறுபடியும் வேக வைத்து ஊற விடுவார்கள். விரிசல் வழியாகச் சாயம் இறங்குவதால், உரித்தெடுக்கும்போது வெள்ளைக் கருவின் மேல் மெல்லிய பழுப்புக் கோடுகள் வலையாகப் படர்ந்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் செய்ய இதைவிட நல்லது நான்கிலும் வேறில்லை, ஏனென்றால் தட்டும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம், ஒவ்வொருவரின் முட்டையிலும் ஒவ்வொரு கோலம் விழும்.

ஆறு முட்டைக்கு மூன்று கோப்பை தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி தேயிலை, மூன்று மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு விரல் நீளக் கறுவாப்பட்டை, ஓர் அன்னாசிப்பூ, ஒரு தேக்கரண்டி சீனி போதும். சோயா சோஸில் உப்பு இருப்பதால் தனியாக உப்பை ருசி பார்த்தே சேர்க்க வேண்டும். முதல் அவியலுக்குக் கண்டியில் 10 நிமிடம் போதுமானது. நுவரெலியாவில் நான் 12 நிமிடத்துக்குக் குறைத்ததில்லை. இரண்டாவது தடவை சாயத்தில் 40 நிமிடம், கொதி அடங்கிய மெல்லிய தணலில் வைக்க வேண்டும். டஸ்ட்தான் இருக்கிறதென்றால் அதை மெல்லிய துணியில் முடிந்து போடுவது அவசியம். இல்லையேல் தூள் விரிசலுக்குள் புகுந்து கோடுகளைக் கறையாக்கிவிடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு எரிவாயு. முட்டையும் சாயமும் மலிவாகத் தோன்றினாலும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஒற்றை அடுப்பைப் பிடித்துக்கொள்ளும் பதார்த்தம் இது. அந்த நேரத்தில் இராச்சாப்பாட்டுக்கு வேறு வழி வேண்டும். விறகடுப்பு உள்ள வீடுகளில் சோறு வடித்த பின் எஞ்சும் தணலில் வைத்துவிட்டால் அந்தச் செலவு இல்லை. இரண்டாவது மறைவான செலவு பாதுகாப்பைச் சேர்ந்தது. சாயம் நன்றாக இறங்க இரவு முழுதும் ஊற வேண்டும், ஆனால் ஓடு உடைந்த முட்டையைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைப்பது ஆபத்து. நம் ஊர்க் குளிரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நுவரெலியாவின் மார்கழிக் குளிரைக்கூட நான் இதற்கு நம்ப மாட்டேன். பெட்டி இல்லாதவர்கள் ஊற வைப்பதை விட்டுவிட்டு, சாயத்தில் ஒரு மணித்தியாலம் வேக வைத்து அன்றைக்கே சூட்டோடு உண்ணலாம். கோடுகள் சற்று மங்கும், சுவை அவ்வளவு உள்ளே இறங்காது, ஆனால் நயம் கெடாது. மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை; நீண்ட நேரம் வெந்ததால் முட்டையிலுள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாவது அது.

கொழுந்து பஜ்ஜி

எண்ணத்தில் இதுவே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, செய்வதற்கும் இதுவே சுலபம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தை உப்புப் போட்ட கொதிநீரில் ஒரு நிமிடம் மூழ்க வைத்து, தண்ணீரை உதறி, கடலை மா, அரிசி மா, பெருஞ்சீரகம், மிளகாய்த்தூள் கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்தால் முடிந்தது. பச்சை இலை தொழிற்சாலையில் போலப் புளிக்க வைக்கப்படாததால், சாயத்தின் மணம் இதில் வராது. பச்சைக் கீரையின் மணமும், பின்னால் இலேசான கசப்பும்தான் இருக்கும். பருப்பு மாவு அந்தக் கசப்பை நன்றாகத் தாங்குகிறது. தேயிலையை இலையாகவே உண்பது மனிதருக்குப் புதிதல்ல; மியன்மாரில் புளிக்க வைத்த தேயிலையை லபெத் என்ற பெயரில் வேர்க்கடலையும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து விருந்தினருக்கு வைப்பார்கள்.

ஆனாலும் நான்கிலும் அதிகமாகத் தயங்க வேண்டியது இதற்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. 1946இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த கொப்புள நோய், மழையும் பனிமூட்டமும் கூடிய காலத்தில் இளங்கொழுந்தையே தாக்குவது. அதைத் தடுக்கச் செப்புக் கலந்த மருந்தை அந்தக் காலத்தில்தான் தெளிப்பார்கள். மே பிற்பகுதியில் தென்மேல் பருவமழை தொடங்கும்போது, ஹட்டன் பக்கத்து மலைகளில் அந்த வேலையும் தொடங்கிவிடும். கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நம்பக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கொழுந்து கிலோக் கணக்கில் நிறுத்துக் கூலியோடு பார்க்கப்படுவது. கேளாமல் ஒரு கைப்பிடி கிள்ளியதற்காக ஒரு தாய் ஏச்சுக் கேட்பதை நான் சிறுவயதில் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பஜ்ஜிக்காக யாரும் அந்த நிலைக்கு ஆளாகக் கூடாது. வீட்டுக் கொல்லையில் உங்கள் கையால் வளர்த்த, எதுவும் தெளிக்காத இரண்டு மூன்று செடிகள் இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். அப்படி இருப்பவர்களுக்கு, மாலை மழையோடு சூடாக உண்ண இதற்கு ஈடு வேறில்லை.

தேநீர் வட்டிலப்பம்

முஸ்லிம் வீடுகளில் நோன்புப் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பத்தை நாம் எல்லோரும் அறிவோம்: முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் வேக வைப்பது. அதில் கருப்பட்டியைக் கரைக்கும் தண்ணீருக்குப் பதிலாகக் கடுஞ்சாயத்தை ஊற்றுவதுதான் மாற்றம். மாற்றம் சிறிதாக இருந்தாலும், தேயிலைக்கும் கருப்பட்டிக்கும் உள்ள உறவு நமக்குப் பழையது. கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுஞ்சாயத்தைக் குடிப்பது நம் வீடுகளின் வழக்கம். அந்தச் சுவை அப்படியே கெட்டியாகி ஒரு கிண்ணத்துக்குள் வந்ததுபோல் இருக்கிறது இது.

ஆறு முட்டைக்கு 300 கிராம் கருப்பட்டி, ஒரு கோப்பை முதற்பால், நான்கு ஏலக்காய், சிறிது சாதிக்காய். அரைக் கோப்பை கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி பீஓபீயை நான்கு நிமிடம் மூடி வைத்து வடிக்க வேண்டும். டஸ்ட் என்றால் இரண்டரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நான் முதல் தடவை இந்த இடத்தில்தான் தவறினேன். சாயம் கடுமையாக வர வேண்டும் என்று தூளை இருபது நிமிடம் கொதிக்க விட்டேன். அத்தனை முட்டையும் அத்தனை கருப்பட்டியும் சேர்ந்தும் அந்தத் துவர்ப்பை மறைக்க முடியவில்லை. கடுஞ்சாயம் வேண்டுமானால் தூளைக் கூட்ட வேண்டும், நேரத்தைக் கூட்டக் கூடாது. வடித்த சாயத்தில் கருப்பட்டியைச் சூட்டோடு கரைத்து, முழுவதும் ஆறிய பிறகே அடித்த முட்டையில் சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை திரிந்து கட்டிகட்டியாகிவிடும்.

மலையின் உயரம் நமக்குத் துணை செய்யும் ஒரே பதார்த்தம் இது. முட்டைக் கலவை ஏறத்தாழ 80 முதல் 85 பாகையில் இறுகிவிடும். அதற்கு மேல் சூடு ஏற ஏற அது சுருங்கித் துளைத்துளையாகித் தண்ணீர் விடும். கொழும்பில் 100 பாகை ஆவியில் இதைக் காப்பாற்ற அடுப்பைத் தணித்துத் தணித்துப் பார்க்க வேண்டும். நுவரெலியாவின் 94 பாகை ஆவி இயல்பிலேயே மென்மையானது. ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும், ஆனால் கத்தியால் வெட்டினால் பட்டுப்போல் இருக்கும். இட்லிச் சட்டியோ, பெரிய சட்டிக்குள் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்த ஏற்பாடோ போதும். கிண்ணத்தின் வாயைத் துணியாலோ தாளாலோ மூடாவிட்டால் மூடியில் படியும் நீர் சொட்டி மேற்பரப்பு குழிந்துவிடும்.

செலவில் நான்கிலும் கூடியது இதுதான் என்பதை மறைக்க முடியாது. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து ஏறி வர வேண்டும். கித்துள் கருப்பட்டி என்று விற்பதில் சீனி கலந்தது ஏராளம். அதை வாங்கினால் வெறும் இனிப்புத்தான் கிடைக்கும், தேயிலையைத் தாங்கும் அந்தப் புகைமணம் இராது. வாங்கும்போது ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பாருங்கள். நல்ல கருப்பட்டி கிடைக்காத வாரத்தில் இதைத் தள்ளிப்போடுவதே மேல். குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல்: இந்த அளவை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால், ஒவ்வொருவருக்கும் அரைக் கோப்பை பிளேன்டீக்குக் குறையாத காபீன் போகும். ஆகையால் பின்னேரம் மூன்று மணிக்குக் கொடுக்கலாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம்.

தூளைத் தெரிவதிலும் ஒரு யோசனை. நுவரெலியாத் தேயிலையின் பூப்போன்ற மென்மணம் கருப்பட்டிக்குள் காணாமல் போய்விடும், அதை இங்கே போட்டு வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை. சப்ரகமுவ, ருகுணுப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையின் கறுத்த கடுஞ்சாயமோ, ஊவாத் தேயிலையின் அழுத்தமான சுவையோ இதற்குப் பொருந்தும்.

தேநீர் கேக்

போறணை வீட்டில் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இதை நினைக்கலாம். இந்த ஒரு நாளுக்காக வாங்குவதற்கு ஞாயமில்லை. வெண்ணெய் கேக்கின் பாலை டஸ்டோடு சூடாக்கி வடித்து ஆற வைத்துச் சேர்ப்பதே முறை. பாலின் புரதம் தனினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு இராது, ஆனால் அதே காரணத்தால் தேயிலைச் சுவையும் நான்கிலும் இதில்தான் மெலிந்து நிற்கும். உயரம் இங்கே எதிரியாகிறது: காற்றழுத்தம் குறைவதால் மா வேகமாகப் பொங்கி நடுவில் அமுங்கிவிடும். தலவாக்கலை உயரத்துக்கு மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கும் கால் தேக்கரண்டி அளவைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி பாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு நாள் வைத்து உண்ணலாம் என்பதும், பாடசாலைக்குக் கொடுத்தனுப்பலாம் என்பதும் இதன் நன்மைகள்.

மே 21ஆ, டிசெம்பர் 15ஆ

மேற்குச் சரிவுகளில் மே பிற்பகுதி என்றால் விறகு நனைந்திருக்கும் காலம். முட்டைக்குத் தணலை நம்பியிருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே விறகை அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றிவிட வேண்டும். டிசெம்பரில் ஊவாப் பக்கத்துக்கு வடகீழ் பருவமழை வந்துவிடும். ஆனால் பாடசாலை விடுமுறைக் காலமாதலால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், நத்தாருக்காக முந்திரியும் வெண்ணெயும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். கேக்குக்கும் வட்டிலப்பத்துக்கும் டிசெம்பர் வசதி. ஒரு நாளில் முடியக்கூடிய முட்டைக்கு மே ஒரு தடையே அல்ல.

கேட்ட இருவருக்கும்

தலவாக்கலைத் தாய்க்கு நான் சொன்னது முட்டை. இரண்டு சிறு பிள்ளைகள், ஒற்றை அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி இல்லை என்ற நிலையில், காலையில் சோறு இறக்கியவுடன் தொடங்கி ஊற வைக்காமல் பகல் சாப்பாட்டுக்கு முன்னரே சூட்டோடு உண்டுவிடும்படி சொன்னேன். முட்டை தவறிப்போனாலும் அவித்த முட்டையாக உண்ணலாம், எதுவும் குப்பைக்குப் போகாது. கைச்செலவைக் கணக்குப் பார்க்கும் வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். கொல்லையில் இரண்டு தேயிலைச் செடி நிற்பதாக அவர் சொன்னார், ஆனால் அவை தோட்டத்து மலையின் ஓரத்தில் நிற்பவை, அங்கே தெளிக்கும் மருந்து காற்றில் வந்து படியக்கூடியவை. ஆகவே பஜ்ஜி வேண்டாமென்றேன்.

பதுளை ஆசிரியைக்கு வட்டிலப்பத்தைச் சொன்னேன். அவரிடம் போறணையும் இருக்கிறது, இருந்தும் கேக்கைச் சொல்லவில்லை, ஏனென்றால் அவருடைய வீட்டில் எழுபது வயதைக் கடந்த தாயார் இருக்கிறார், இளமை முழுதும் கொழுந்தெடுத்தவர். அப்படிப்பட்டவருக்குத் தேயிலை தினத்தில் வைக்கும் பண்டத்தில் தேயிலை ஒளிந்து கிடக்கக் கூடாது, முதல் கரண்டியிலேயே தெரிய வேண்டும். என் அம்மாவும் முப்பது வருடத்துக்கு மேல் மலையில் நின்றவர். நான் இரண்டாவது தடவை செய்த வட்டிலப்பத்தை, சரியாக வந்ததை, முதலில் அவருக்குத்தான் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி உண்டுவிட்டு, "இது பீஓபீ தானே?" என்று கேட்டார்.